மூன்றடி தூரத்தில் பார்த்த முகம்

ஜூன் 7, சனி

இன்று முதல் என் கார் ஷெட் போலீஸ்காரர்களுடையது. நானே கொடுத்தது, அதனால் வெளியே புலம்ப முடியாது. இங்கே புலம்பலாம். தமிழில் எழுதினால் பயமில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை டொரண்டோவிலிருந்து வந்து என் மேசை இழுப்பறைகளை ஒழுங்குபடுத்திக் கொடுக்கும் மருமகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

திட்டத்துக்கு ‘நட்புக் கரம்’ என்று பெயர். படிப்பை விட்டுவிடும், கெட்ட சகவாசத்தில் விழுந்துவிடும் என்று சந்தேகப்படும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து, ஆளுக்கொரு போலீஸ்காரரை அண்ணன், அக்கா என்று சேர்த்துவிடுகிறார்கள். சனிக்கிழமை தோறும் மூன்று மணிக்குக் கூட ஓர் இடம் வேண்டும் என்று கேட்டு உதவி கமிஷனர் நேரில் வந்திருந்தார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு டீயைச் சத்தமில்லாமல் குடித்தார். என் கணவர் போனபிறகு அப்படிக் குடிக்கிற ஆண்பிள்ளையை நான் பார்க்கவில்லை. அதில் ஏமாந்து சரி என்றேன்.

இன்று வந்தது அவரில்லை. இன்ஸ்பெக்டர் வரதப்பன். பூட்ஸ் காலைத் தூக்கி என் போர்ட்டிகோ கட்டையில் வைத்துக்கொண்டுதான் அவருக்குப் பேச வருகிறது. மாதுளைச் செடியின் கழுத்தில் பேனர் கட்டினார்கள். பிள்ளைகளுக்குப் பிரியாணிப் பொட்டலம். ஒவ்வொன்றும் பொட்டலத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்து நிற்க வேண்டும், இன்ஸ்பெக்டர் தன் போனில் படம் எடுப்பார், பிறகுதான் பிரிக்கலாம். ஆறிப்போன சோற்றுக்கு இத்தனை படம். குரோட்டன்ஸ் தொட்டிக்குள் கோழி எலும்பு கிடந்தது.

தலைமயிரை ஒட்ட வெட்டிய ஒரு பையன் வராந்தாவரை ஏறி வந்து, “ஆயா, பாத்ரூம் எங்க?” என்றான். குரலைக் கேட்டபின்தான் பெண் என்று தெரிந்தது. எங்கள் கான்வென்டில் ஆயா என்றால் சின்னப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுகிறவள்.

“மேடம்னு கூப்பிடு.”

“சரி ஆயா” என்றாள்.

ஜூன் 14, சனி

ஷெட் உத்தரத்தில் மூட்டை மாதிரி ஒன்றைச் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அந்தக் குட்டை முடிப் பெண் அதை ஒன்றரை மணி நேரம் குத்தினாள். குத்துச்சண்டையாம். ஒரு பெண் அப்படி வியர்ப்பதை நான் பார்த்ததில்லை, பார்க்க விரும்பியதுமில்லை.

அவளுக்கு ‘அக்கா’வாக வந்திருக்கும் ஏட்டு தமிழ்க்கொடியைக் கூப்பிட்டுச் சொன்னேன். தமிழ்க்கொடிக்கு நாற்பது வயதிருக்கும். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்துகிற ஒரே ஆள்.

“சாமி ரூம்ல படமெல்லாம் ஆடுது.”

“ஒரு மாசம் பொறுத்துக்கங்க மேடம். ஜூலை பன்னெண்டு செலக்‌ஷன். விளையாட்டு விடுதியில எடம் கெடைச்சா சாப்பாடு, தங்குறது, பிளஸ் டூ வரைக்கும் படிப்பு எல்லாம் கவர்மென்ட் பாத்துக்கும். யுவராணிக்கு அந்த வீட்ட விட்டு வெளிய வர வேற வழி இல்ல.”

“வீட்ல என்ன கஷ்டம்?”

“அப்பா இருக்காரு மேடம்” என்றாள். அதற்குமேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அம்மாதிரி விவரம் கேட்டால் கை கழுவவேண்டும் போலிருக்கும்.

அவர்கள் போனபின் பார்த்தால், கையில் சுற்றிக்கொள்ளும் சிவப்புத் துணி இரண்டை அந்தப் பெண் என் கொடியில் காயப்போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். என் வெள்ளைப் புடவைக்குப் பக்கத்தில். குச்சியால் எடுத்து ஷெட்டில் போட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

நாற்பது வருஷமாக வாங்கும் பேப்பரை இன்றோடு நிறுத்தினேன். அச்சு கேவலமாகிவிட்டது. எழுத்தெல்லாம் ஈரத்தில் ஊறின மாதிரி.

ஜூன் 21, சனி

யுவராணி ஷெட்டைப் பெருக்கிவிட்டு வராந்தாவுக்கு வந்தாள். பெருக்கச் சொன்னது நான்தான். தண்ணீர் கேட்டாள். வெளி டம்ளரில் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

“ஆயா, உன் ஜாக்கெட்டு வேற கலரு.”

“என்ன?”

“பொடவ நீலம். ஜாக்கெட்டு பச்ச. இன்னாடா ஆயா இவ்ளோ நீட்டா இருக்குது, இத்த மட்டும் மாத்திப் போட்டுக்கிச்சேன்னு பாத்தேன்.”

என் உடுப்பைப் பற்றி இதுவரை எவரும் குறை சொன்னதில்லை. கான்வென்டில் ரிப்பன் அளவுக்குக்கூடத் தண்டனை உண்டு, ஒரு நாளும் நான் வாங்கியதில்லை. டம்ளரைக் கழுவி வைக்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

வேலைக்காரி ரெஜினாவைக் கேட்டேன். “பச்சதாம்மா” என்றாள். பீரோவில் நீலத்தோடு பச்சையை மடித்து வைத்தது அவள்தான். திட்டினேன்.

அந்தப் பெண்ணின் வாயைத் தமிழ்க்கொடி அடக்கி வைத்தால் நல்லது.

ஜூன் 26, வியாழன்

கழுத்தில் ரெஜினா மஞ்சள் பற்றுப் போட்டிருக்கிறாள். எரிகிறது. இருந்தாலும் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விளக்கு வைக்கிற நேரம். மருந்துக் கடையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். சாம்பல் நிற ஸ்கூட்டர் ஒன்று பின்னாலிருந்து ஏறிக்கொண்டு வந்து உரசி நின்றது. ஓட்டினவனுக்கு ஹெல்மெட். பின்னால் இருந்தது ஒல்லியாக, முடி ஒட்ட வெட்டியிருந்தது. கை நீண்டது, செயின் போயிற்று. என் கணவரின் மோதிரத்தை அதில்தான் கோத்திருந்தேன். மூன்றடி தூரம்கூட இல்லை. முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தேன்.

தெருவில் நாலு பேர் கூடி, “வயசான காலத்துல எதுக்கும்மா நகையோட வெளிய வரீங்க” என்று எனக்கே புத்தி சொன்னார்கள். ஒருவன் என் முதுகைத் தடவிக் கொடுத்தான். அருவருப்பாக இருந்தது.

வீடு வந்த கொஞ்ச நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். தன் போனில் பழைய ஆட்களின் படங்களைக் காட்டினார். முரட்டு முகங்கள். இல்லை, இல்லை என்றேன்.

“பின்னாடி இருந்தது சின்ன வயசு. முடி ஒட்ட வெட்டினது” என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். வேறு படங்களைத் தள்ளிக் காட்டினார். ஒவ்வொரு முகத்துக்கும் கீழே ஒரு பொட்டலம், பின்னால் என் மாதுளைச் செடி. ஏழாவதோ எட்டாவதோ படத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பார்த்த முகம். சந்தேகமே இல்லை.

“இவதான்.”

“நிச்சயமா மேடம்?”

“நான் யோசிக்காம எதுவும் சொல்றதில்ல.”

கான்வென்டில் சிஸ்டர் பெனடிக்டா ஒரு தட்டில் இருபது பொருள்களை வைத்துக் காட்டுவார். ஊசி, பொத்தான், சாவி, ஜெபமாலை. பிறகு துணியால் மூடிவிட்டு எழுதச் சொல்வார். வகுப்பில் இருபதும் எழுதுகிறவள் நான் ஒருத்திதான். “பிரபாவதியின் கண்ணுக்கு எதுவும் தப்பாது” என்பார்.

ஜூன் 27, வெள்ளி

மத்தியானம் தமிழ்க்கொடி வந்தாள். சீருடை இல்லை, சாதாரணப் புடவை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“யுவராணிய கூர்நோக்கு இல்லத்துல வெச்சுட்டாங்க மேடம்.”

“தெரியும். இன்ஸ்பெக்டர் போன் பண்ணார்.”

“நேத்து சாயங்காலம் அவ தண்ணி லாரிகிட்ட கொடத்தோட நின்னுட்டு இருந்தா. தெருவே சொல்லுது.”

“அப்ப அதை ஸ்டேஷன்ல சொல்றதுதானே?”

“சொன்னாங்க. அந்தத் தெருவுல நாய் கொலைச்சாக்கூடப் பொய்ங்குறாரு எங்க இன்ஸ்பெக்டர். காலைல என்னையத்தான் போன் பண்ணச் சொன்னாரு. போட்டிக்கு டி-ஷர்ட் வந்திருக்கு, வந்து வாங்கிக்கன்னு சொல்லச் சொன்னாரு. நானும் சொன்னேன். எதுக்குன்னு எனக்குத் தெரியாது மேடம். அக்கா கூப்புடுதேன்னு மூஞ்சி கழுவிப் பொட்டு வெச்சுக்கிட்டு வந்தா.”

ஒரு பெண்ணைப் பிடிக்க வேண்டுமென்றால் போய்ப் பிடிக்கட்டும். சட்டை தருகிறேன் என்று கூப்பிட்டா பிடிப்பது? நாய் பிடிக்கிற கார்ப்பரேஷன்காரன்கூட பிஸ்கட்டை மறைத்து வைத்துக்கொள்வதில்லை.

ஆனால் அது வேறு, இது வேறு. “நான் பார்த்தேன் தமிழ்க்கொடி” என்றேன்.

“நல்லா பாத்தீங்களா மேடம்?”

“என்கிட்ட யாரும் அப்படிக் கேட்டதில்ல.”

“தெரியும் மேடம். அதான் யாராவது கேக்கட்டும்னு வந்தேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரு ஏட்டு இப்படிப் பேசலாமா?

ஜூன் 28, சனி

மூன்று மணிக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. ஷெட் சுத்தமாக, அமைதியாக இருந்தது. இப்படித்தான் இருக்கவேண்டும் என்று இத்தனை நாள் விரும்பினேன். மூட்டை மட்டும் தொங்குகிறது.

ஜூன் 30, திங்கள்

இன்ஸ்பெக்டர் ஒரு கிலோ மைசூர்பாகோடு வந்தார். பூட்ஸ் கால் அதே கட்டையில். புதன் அல்ல, அதற்கடுத்த புதன், ஒன்பதாம் தேதி, நான் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு வந்து மாஜிஸ்ட்ரேட் முன்னால் அந்தப் பெண்ணை அடையாளம் சொல்ல வேண்டுமாம்.

“ஸ்கூட்டர் செவப்புன்னு சொல்லிடுங்க மேடம்.”

“சாம்பல் கலர்னு சொன்னேனே.”

“அவ மாமன் ஒருத்தன்கிட்ட செவப்பு ஸ்கூட்டர் இருக்கு. அதான்.”

“நான் பார்த்தது சாம்பல்.”

“இருட்டுல செவப்பும் சாம்பலாத்தான் தெரியும் மேடம்” என்று சிரித்தார். நான் பார்த்ததைவிட நன்றாக நான் பார்த்திருக்க வேண்டும் என்று விரும்புகிறார்.

கிளம்பும்போது அவரே சொன்னார். “இத்தனை சீக்கிரம் கேஸ் முடிஞ்சதே நட்புக் கரத்தாலதான் மேடம். முன்னெல்லாம் ஒவ்வொரு தெருவா அலையணும். இப்ப அந்த ஏரியாப் பசங்க மூஞ்சி மொத்தமும் என் பாக்கெட்லயே இருக்கு. மேல ரொம்பப் பாராட்டினாங்க.”

எதற்காக அத்தனை படம் என்று அன்றே நான் கேட்டிருக்க வேண்டும். பிரியாணியின் விலை இப்போது தெரிகிறது. மைசூர்பாகை ரெஜினாவிடம் கொடுத்தேன். அவளும் வேண்டாம் என்றாள். குப்பைக்குப் போயிற்று.

ஜூலை 2, புதன்

ரெஜினா டபராவை இடம் மாற்றி வைக்கிறாள். காபி மேசையில் கொட்டியது. இந்த வாரத்தில் மூன்றாவது தடவை. தெருவிளக்குகளையும் புதிதாக மாற்றியிருக்கிறார்கள் போலிருக்கிறது. ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு பெரிய வளையம். ஊதாரித்தனம்.

ஜூலை 5, சனி

ஏதோ பெரிய அதிகாரி வருகிறார் என்று இன்ஸ்பெக்டர் நாலு பிள்ளைகளை மட்டும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். அதிகாரி வரவில்லை. பிள்ளைகள் ஷெட்டில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

ஐந்து மணி வாக்கில் வராந்தாவுக்கு வந்தேன். குழாயடியில் யுவராணி முகம் கழுவிக்கொண்டிருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“நீயா? எப்ப விட்டாங்க உன்னை?”

திரும்பிப் பார்த்தாள். “யாரு ஆயா?”

“யார்னு என்னையே கேக்கிறியா? யுவராணி தானே?”

“ஆயா, நான் பையன்.”

ஷெட்டுக்குள் யாரோ ஒரு பிள்ளை சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டது. படியிறங்கிக் கிட்டே போனேன். பையன்தான். மேலுதட்டில் மீசை அரும்பியிருக்கிறது. யுவராணியை விட ஒரு சாண் உயரம். மூக்குகூட வேறு. அவன் பின்னால் நகர்ந்து குழாயோடு ஒட்டிக்கொண்டான். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, துடைக்கவில்லை.

“என்னிய சொல்லிடாத ஆயா” என்றான்.

வராந்தா பல்பு மங்கிவிட்டது. எலெக்ட்ரீஷியனை வரச்சொல்ல வேண்டும்.

ஜூலை 6, ஞாயிறு

எலெக்ட்ரீஷியன் வந்தான். பல்பு நன்றாக இருக்கிறது என்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்ததற்குக் கூடுதலாக வேறு கேட்டான்.

ரெஜினாவிடம் ஒரு தாம்பாளத்தில் இருபது பொருள்களை வைத்துக் கொண்டுவரச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள், பதில் சொல்லவில்லை. சரியாகப் பரப்பி வைக்கவில்லை என்று மறுபடி வைக்கச் சொன்னேன். ஜன்னல் பக்கம் வைக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு தாம்பாளத்தை நானே எடுத்துப்போய் அடுக்களையில் வைத்துவிட்டேன்.

“எத்தனைம்மா தப்பு?” என்றாள் ரெஜினா.

அவளுக்கு இன்று சீக்கிரம் வீட்டுக்குப் போக அனுமதி கொடுத்தேன்.

ஜூலை 7, திங்கள்

கண் ஆஸ்பத்திரி. இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் நன்றாக முற்றியிருக்கிறது. இரண்டு வருஷமாகவாவது இருக்கும் என்கிறார் டாக்டர். “இத்தனை நாள் எப்படிம்மா சமாளிச்சீங்க?” என்று கேட்டார். சின்ன வயது. கேள்வியில் பாராட்டு மாதிரி ஒன்று இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

“விளக்கு வைக்கிற நேரத்துல, மூணடி தூரத்துல ஒரு முகம். தெரியுமா?” என்றேன்.

“முகம் இருக்குன்னு தெரியும்” என்றார்.

ஜூலை 8, செவ்வாய்

இன்ஸ்பெக்டருக்கு போன் செய்து சொன்னேன். நாளைக்கு நான் வந்தாலும் அடையாளம் சொல்ல முடியாது, என் கண் சரியில்லை என்று.

அவர் குரல் மிகவும் இனிப்பாக மாறியது. “மேடம், அதையெல்லாம் அங்க சொல்ல வேணாம். கண்ணப் பத்தி யாரு கேக்கப் போறா? வாங்க, இவதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அவ்ளோதான்.”

“பொய் சொல்லச் சொல்றீங்களா?”

“ஐயய்யோ. ஏற்கெனவே சொன்னதைத்தான மேடம் திருப்பிச் சொல்லச் சொல்றேன். இப்ப மாத்திச் சொன்னா பேர் கெடுறது எனக்கில்ல, உங்களுக்குத்தான். சபாபதி சார் வீட்டம்மாவுக்குக் கண்ணு தெரியல, ஒண்ணும் பாக்காம சின்னப் பொண்ணு மேல பழி போட்டாங்கன்னு பெரம்பூர் பூராப் பேசும். நீங்க எவ்ளோ கௌரவமானவங்க.”

எங்கே அடித்தால் எனக்கு வலிக்கும் என்று ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டிருக்கிறார். கால் வைத்த இடத்தை எல்லாம் அளந்து வைத்திருக்கிறார்.

போனை வைத்துவிட்டேன். சாப்பிடப் பிடிக்கவில்லை. பெரம்பூர் முழுக்கப் பேசும் என்பது உண்மை. நாளைக்கு ஜுரம் என்று சொல்லிவிட்டால் என்ன என்று சாயங்காலம் வரை யோசித்துக்கொண்டிருந்தேன். போகாவிட்டால், ஏற்கெனவே சொன்னது அப்படியே நிற்கும். அந்தப் பெண்ணும் உள்ளேயே நிற்பாள். சனிக்கிழமை பன்னிரண்டாம் தேதி, செலக்‌ஷன்.

ஜூலை 9, புதன்

நீலப் புடவை. ஜாக்கெட்டை எடுத்து ரெஜினாவிடம் காட்டி, “இது என்ன கலர்?” என்று கேட்டுவிட்டுத்தான் போட்டேன்.

அது கோர்ட் மாதிரி இல்லை, பள்ளிக்கூட ஆபீஸ் அறை மாதிரி இருந்தது. நடுவில் மாஜிஸ்ட்ரேட், குரலைக் கேட்டால் சின்னப் பெண். இரண்டு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள். எதிர்ச் சுவரோரம் சிலர் நின்றார்கள்.

“நீங்க அன்னைக்குப் பார்த்தது இந்தப் பொண்ணைத்தானா?” என்றார் மாஜிஸ்ட்ரேட்.

“எந்தப் பொண்ணு?” என்றேன்.

“உங்களுக்கு எதிர்ல நிக்கிறாங்களே.”

எழுந்து நின்றேன். உட்கார்ந்துகொண்டே சொல்லலாம் என்றார்கள். கான்வென்டில் படித்தவள் நின்றுதான் பதில் சொல்வாள்.

“அங்கே நாலைந்து பேர் நிற்பது தெரிகிறது. யார் ஆண், யார் பெண் என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கும் தெரிந்திருக்க முடியாது. டாக்டர் சீட்டு இருக்கிறது” என்று கொடுத்தேன். மேடைத் தமிழில் பேசிவிட்டேன் என்று பிறகு தோன்றியது.

“அப்புறம் எப்படி அடையாளம் சொன்னீங்க?”

“போட்டோ காட்டினாங்க. எங்க வீட்டு ஷெட்ல, பிரியாணிப் பொட்டலத்தோட எடுத்த போட்டோ. அந்த முகத்தை சனிக்கிழமை சனிக்கிழமை என் வீட்டிலேயே பார்த்திருக்கேன். அதனால பார்த்த முகமா இருந்தது. ஸ்கூட்டர் சிவப்புன்னும் சொல்லச் சொன்னாங்க. நான் சாம்பல்னு சொன்னேன். இப்ப அதுவும் தெரியாது.”

“யார் சொல்லச் சொன்னது?”

“இன்ஸ்பெக்டர்.”

அறையில் ஒரு நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. வரதப்பனின் முகம் அப்போது எப்படிப் போயிற்று என்று இங்கே எழுத மிகவும் ஆசை. நான் நின்ற இடத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலமே யுவராணியை விட்டுவிட்டார்கள். வாசலில் யாரோ ஓர் அம்மாள் அழுதாள். யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

ஜூலை 13, ஞாயிறு

மூன்று நாளாக எழுதவில்லை. எழுதும்படி ஒன்றுமில்லை. மருந்துக் கடைக்காரர் இன்று என்னிடம் மாத்திரை அட்டையைக் கொடுக்காமல், பெயரைச் சத்தமாகப் படித்துக் காட்டினார், குழந்தைக்குச் சொல்வது போல. பெரம்பூர் பேச ஆரம்பித்துவிட்டது.

‘நட்புக் கரம்’ ஒரு கல்யாண மண்டபத்துக்கு மாறிவிட்டது. புதுப் பேனர். வரதப்பன் இருக்கிற இடத்திலேயே இருக்கிறார். தமிழ்க்கொடியைத்தான் டிராஃபிக்குக்கு மாற்றிவிட்டார்கள். சத்தமில்லாமல் டீ குடிக்கும் உதவி கமிஷனரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. எல்லாரையும் நினைத்தால் வாய் கொப்பளிக்கத் தோன்றுகிறது.

மூட்டையை எடுத்துப் போக மத்தியானம் தமிழ்க்கொடி ஆட்டோ கொண்டுவந்தாள்.

“நேத்து செலக்‌ஷன் என்னாச்சு?” என்றேன்.

“மொத ரவுண்டுலயே போச்சு மேடம்.” சங்கிலியைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். “எதிர்ல நின்ன பொண்ணு ஒண்ணும் பெரிய ஆளில்ல. இவ கையத் தூக்கவே இல்ல. நின்னு அடி வாங்கினா. ஏன்டீன்னு கேட்டா, அடிச்சா மறுபடி ஏதாவது கேஸாயிடுமோன்னு பயமா இருந்துச்சுக்காங்குறா.”

“மறுபடி எப்ப?”

“அடுத்த வருஷம். அதுவரைக்கும் அந்த வீட்டுலதான்.” சங்கிலியைக் கீழே போட்டாள். “வெளிய நிக்கிறா. உள்ள வரமாட்டேன்னுட்டா.”

அவளுடைய கைத்துணிகள் இரண்டும் என்னிடம் இருந்தன. ஷெட்டில் அழுக்காகக் கிடந்ததால் துவைத்து வைத்திருந்தேன். ரெஜினாவிடம் கொடுக்கவில்லை. நானே கேட்டுக்கு எடுத்துப் போனேன்.

கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள். கிட்டே போனபின்தான் உதட்டில் வீக்கம் தெரிந்தது. துணிகளைக் கம்பிக்கு நடுவே நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். மோந்து பார்த்தாள். நான் சில வார்த்தைகள் சொல்வதாக இருந்தேன். ஆங்கிலத்தில் அதற்கு அழகான வாக்கியங்கள் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். தமிழில் வாயில் வரவில்லை.

போகத் திரும்பினாள்.

“யுவராணி” என்றேன். நின்றாள். “என் ஜாக்கெட் சரியா இருக்கா, பார்த்துச் சொல்லு.”

என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். அவசரப்படவில்லை. ஒரு முகத்தைப் பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள வேண்டுமோ அவ்வளவு எடுத்துக்கொண்டாள்.

“இல்ல” என்றாள்.

ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.